வீணைக்கு மேளம் கட்டுதல்

மேளம் கட்டுதல் என்பது வீணையின் தண்டியில் மெழுகு ஏற்றி, அதன்மேல் 24 மெட்டுகளையும் உரிய ஸ்வரஸ்தானங்களில் பதிக்கும் கைத்தொழில். புதிய வீணைக்கு இது கடைசி வேலைகளுள் ஒன்று. பழைய வீணைக்கு மெழுகு தளரும்போதெல்லாம் திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய வேலை. வீணையின் மர உடல் பல தலைமுறைகளுக்கு நிற்கும். அதில் பிறக்கும் ஸ்வரங்களின் இடமோ சில ஆண்டுகளே உறுதியாக இருக்கும் மெழுகில் அமைந்திருக்கிறது. ஆகவே ஒரு பழைய வீணை இசைக்கருவியாக நீடிப்பதும் காட்சிப்பொருளாக மாறுவதும் மேளம் கட்டுபவரைப் பொறுத்தது.

சொற்பொருள்

மேளம் என்ற சொல்லுக்கு இசையில் சேர்க்கை, தொகுதி என்று பொருள். ஸ்வரங்களின் தொகுதி மேளம் எனப்படும். மேளகர்த்தா ராகம் என்ற பெயர் இதிலிருந்து வந்தது. வீணையில் மெட்டுகளின் வரிசை முழுவதையும் சேர்த்து மேளம் என்பர். தனித்த ஒவ்வொரு பித்தளை அல்லது வெண்கலக் கட்டையும் மெட்டு. இசை இலக்கணத்தில் கருத்தாக இருக்கும் மேளம், வீணையில் கையால் தொடக்கூடிய பொருளாக இருக்கிறது.

வீணையின் தேயும் உறுப்புகள்

தஞ்சாவூர் வீணை பெரும்பாலும் பலா மரத்தால் ஆனது. பண்ருட்டிப் பகுதிப் பலா இதற்குப் பெயர்பெற்றது. குடம், தண்டி, யாளி முகம் ஆகியவை மரத்தால் அமைகின்றன. முழுவதும் ஒரே மரத்துண்டில் குடைந்து செய்யப்பட்ட வீணை ஏகாண்ட வீணை எனப்படும். தனித்தனியாகச் செய்து இணைக்கப்பட்டது ஒட்டு வீணை. இந்தப் பகுதிகள் எளிதில் மாறுவதில்லை.

மாறுபவை வேறு. வீணையில் ஏழு தந்திகள் உண்டு. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்னும் நான்கும் மெட்டுகளின்மேல் செல்பவை. மற்ற மூன்றும் பக்கவாட்டில் செல்லும் தாளத் தந்திகள். தந்தியின் ஒரு முனை பிரடையில் சுற்றப்படுகிறது. அது மேருவைக் கடந்து, மெட்டுகளின்மேல் ஓடி, குடத்தின் மேலுள்ள குதிரையில் ஏறி இறங்கி, குடத்தின் விளிம்பில் உள்ள நாகபாசத்தில் கட்டப்படுகிறது. சுருதியை நுட்பமாகச் சரிசெய்யும் லங்கர் குதிரைக்கும் நாகபாசத்துக்கும் இடையே இருக்கும்.

தந்தி அறுந்தால் உடனே மாற்றலாம். பிரடை தேய்ந்தால் பிடிப்பு விட்டுப்போகும். குதிரையின் மரத்தின்மேல் ஒட்டப்பட்ட உலோகத் தகட்டில் தந்திகள் நாளடைவில் பள்ளம் அறுத்துவிடும். அதன்பின் நாதம் கரகரக்கும். தகட்டைத் தேய்த்துச் சமன்செய்யவோ புதிதாக ஒட்டவோ வேண்டும். மெட்டுகளிலும் தந்தி ஓடிய தடம் விழும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாகத் தளர்வது மெழுகு.

நூல்களில் மேளம்

மெட்டுகளை வைக்கும் முறைபற்றி விரிவாகப் பேசும் நூல்களுள் முக்கியமானது ராமாமாத்யர் 1550-ல் இயற்றிய ஸ்வரமேளகலாநிதி. விஜயநகரச் சூழலில் எழுந்த இந்நூல், தந்திகளுக்குச் சுருதி கூட்டும் முறையைக் கொண்டு வீணைகளை வகைப்படுத்துகிறது. தந்தியிலிருந்து தானாகவே பிறக்கும் ஸ்வரங்களை சுயம்பு ஸ்வரங்கள் என்று கூறி, மெட்டின் இடத்துக்கு அவற்றையே அளவாகக் கொள்கிறது. மெட்டின் இடத்தைத் தீர்மானிப்பது செவி என்ற கொள்கை அன்றே எழுத்தில் பதிவாகிவிட்டது.

அக்கால நூல்கள் இரண்டு வகை அமைப்புகளைக் குறிப்பிடுகின்றன. ஒரு ராகத்துக்கு வேண்டிய ஸ்வரங்களுக்கு மட்டும் மெட்டு வைப்பது ஏகராக மேள வீணை. ராகம் மாறினால் மெட்டின் இடமும் மாறவேண்டும். எல்லா ராகங்களுக்கும் பொதுவாக, ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டுகள் வைப்பது சர்வராக மேள வீணை. இந்த இரண்டாவது வகையே நிலைபெற்றது. இரண்டு ஸ்தாயிகளுக்குப் பன்னிரண்டு வீதம் 24 மெட்டுகள் கொண்ட இன்றைய அமைப்பு, தஞ்சையை 1600 முதல் 1634 வரை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் உருப்பெற்றது என்பது மரபு.

ரகுநாத நாயக்கரின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர். அவருடைய மகன் வேங்கடமகி, விஜயராகவ நாயக்கர் காலத்தில் சதுர்தண்டிப் பிரகாசிகை என்னும் நூலை எழுதினார். பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களிலிருந்து 72 மேளங்களைக் கணக்கிட்டுக் காட்டியது இந்நூல். வீணையைப் பற்றிய பகுதியும் இதில் உண்டு. ஸ்தாயிக்குப் பன்னிரண்டு நிலையான மெட்டுகள் கொண்ட கருவி கண்முன் இருந்த காலத்தில் இந்தக் கணக்கு எழுந்தது என்பது கவனிக்கத்தக்கது. மெட்டுகள் ராகத்துக்கு ராகம் நகர்ந்துகொண்டிருந்தால் எல்லா ராகங்களையும் ஒரே சட்டகத்தில் வைத்துப் பார்ப்பது கடினமாக இருந்திருக்கும்.

மெட்டுகள் நிலையான இடத்தைப் பெற்றதும் பொறுப்பு கைமாறியது. ஏகராக மேளத்தில் வாசிப்பவரே மெட்டை நகர்த்திக்கொள்ள முடியும். மெழுகில் பதித்த 24 மெட்டுகளை வாசிப்பவர் நகர்த்த இயலாது. ஸ்வரத்தின் இடத்தை முடிவுசெய்யும் வேலை ஆசாரியின் கைக்கும் செவிக்கும் வந்தது.

கரிசல் நிலத்தில் வீணை

வீணை என்றதும் தஞ்சாவூர் நினைவுக்கு வரும். தென்மாவட்டங்களின் கரிசல் நிலத்திலும் அதற்கு ஒரு முக்கியமான வரலாறு உண்டு. அதன் மையம் எட்டயபுரம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இப்பகுதி பல பாளையங்களாகப் பிரிந்திருந்தது. இன்று விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஏழாயிரம்பண்ணையும் அவற்றுள் ஒன்று. 1799-ல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபின் கிழக்கிந்தியக் கம்பெனி பாஞ்சாலங்குறிச்சி, ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய பாளையங்களைப் பறிமுதல் செய்தது. கம்பெனியின் பக்கம் நின்ற எட்டயபுரம் நிலைத்தது. 1803-ல் நிரந்தரத் தீர்வையின்கீழ் ஜமீனாக மாறியது. ஏழாயிரம்பண்ணைக்குத் தென்கிழக்கே, கோவில்பட்டிக்கு அப்பால் உள்ள அந்த அரண்மனையில் புலவர்களும் இசைவாணர்களும் கூடியதற்கு இந்த அரசியலும் ஒரு காரணம். பறிமுதலான பாளையங்களில் கலைஞரை வைத்துக் காக்கும் கை இல்லாமல் போயிற்று.

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக இருந்தார். சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் பயின்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் அவர். சிறந்த வீணை வித்துவானாகிய முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதிக் காலத்தில் எட்டயபுரம் வந்து, 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில் அங்கேயே மறைந்தார். அவருடைய நினைவிடம் எட்டயபுரத்தில் உள்ளது. எட்டயபுரம் வரும் வழியில் வறண்டு கிடந்த நிலத்தைக் கண்டு அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடி மழை பெய்வித்தார் என்ற செவிவழிக் கதை இப்பகுதியில் இன்றும் சொல்லப்படுகிறது.

பாலுசுவாமியின் மகள்வழிப் பேரனும் தத்துப்புத்திரருமான சுப்பராம தீட்சிதர் (1839-1906) சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற பெருநூலை 1904-ல் எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவில் வெளியிட்டார். அதை அச்சிட்டது எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சுக்கூடம். தெலுங்கு எழுத்தில் வெளிவந்த இந்நூலில் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் தரப்பட்டுள்ளன. பல கமகங்களை விளக்கும்போது, விரலை வீணையின் எந்த ஸ்வரஸ்தானத்தில் வைத்து, தந்தியை எப்படி அசைக்கவேண்டும் என்றே அவர் சொல்கிறார். படிப்பவரின் வீணையில் மேளம் சரியாக இருக்கிறது என்பதை அந்த விளக்கம் எடுத்துக்கொள்கிறது. மெட்டு இடம் பிசகியிருந்தால் நூலில் உள்ள குறியைப் பின்பற்றினாலும் ராகம் பிசகும்.

கரிசல் நிலத்தின் வெயில் வீணைக்கு உகந்ததல்ல. காற்றில் ஈரம் குறைவாக இருப்பது வெடிமருந்தும் தீக்குச்சியும் உலர உதவுகிறது. சிவகாசி வட்டாரத்தில் இத்தொழில்கள் வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். அதே வறட்சி மரத்தைச் சுருங்கச் செய்யும். தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும். அந்த வெப்பத்துக்கு வெகுமுன்பே அது இளகத் தொடங்கிவிடும். சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் படும் இடத்தில் வைத்த வீணையில் தந்தியின் அழுத்தமே மெட்டைச் சிறிது சிறிதாக அமிழ்த்திவிடும்.

மேளம் கட்டும் முறை

பழைய வீணைக்கு மேளம் கட்டும்போது முதலில் தந்திகள் தளர்த்தப்பட்டுக் கழற்றப்படும். மெட்டுகள் எடுக்கப்பட்டு, வரிசை மாறாமல் வைக்கப்படும். ஒவ்வொரு மெட்டும் தான் இருந்த இடத்துக்கு ஏற்ற நீளமும் தேய்மானமும் கொண்டது என்பதால் வரிசை முக்கியம். பழைய மெழுகு முழுவதும் சுரண்டி எடுக்கப்படும். மெழுகுக்கு அடியில் உள்ள மரத்தில் விரிசலோ பூச்சி அரிப்போ இருந்தால் அப்போதுதான் தெரியவரும்.

புதிய மெழுகு என்பது தேன்மெழுகு, குங்கிலியம், கரித்தூள் ஆகியவற்றைக் காய்ச்சிச் சேர்த்த கலவை. தேன்மெழுகு மட்டும் இருந்தால் வெயிலில் இளகும். குங்கிலியம் மிகுந்தால் நொறுங்கும். கலவையின் அளவு ஆசாரிக்கு ஆசாரி, பருவத்துக்குப் பருவம் வேறுபடும். இந்தக் கலவை தண்டியின் இரு ஓரங்களிலும் இரண்டு நீண்ட வரப்புகள்போல ஏற்றப்படும். அவற்றின் குறுக்கே மெட்டுகள் பாலம்போல அமரும்.

அடுத்தது செவியின் வேலை. தந்தியின் நீளத்தைக் கொண்டு மெட்டுகளின் இடத்தைத் தோராயமாகக் கணக்கிடலாம். மேருவிலிருந்து குதிரை வரையிலான நீளத்தில் சரிபாதியில் பன்னிரண்டாம் மெட்டு, அதாவது மேல் ஷட்ஜம் அமையும். மூன்றில் ஒரு பங்கில் ஏழாம் மெட்டாகிய பஞ்சமம் அமையும். நான்கில் ஒரு பங்கில் ஐந்தாம் மெட்டாகிய சுத்த மத்யமம் அமையும். இருபத்து நான்காம் மெட்டு நான்கில் மூன்று பங்கில் வரும்.

இந்தக் கணக்கு மட்டும் போதாது. தந்தியை மெட்டின்மேல் அழுத்தும்போது அது சற்று இழுபட்டுச் சுருதி உயரும். எவ்வளவு உயரும் என்பது தந்தியின் கனத்தையும் மெட்டின் உயரத்தையும் பொறுத்தது. மேலும் ஒரே மெட்டு நான்கு தந்திகளுக்கும் பொது. சாரணியில் சதுசுருதி தைவதம் தரும் ஒன்பதாம் மெட்டே பஞ்சமத் தந்தியில் அந்தர காந்தாரம் தரவேண்டும். இரண்டும் ஒரே புள்ளியில் துல்லியமாக அமைவதில்லை. ஒன்றுக்கு முழுதும் ஒத்துப்போனால் மற்றது சிறிது விலகும். எந்தத் தந்திக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்று முடிவெடுப்பவரே நல்ல ஆசாரி. ஆதார சுருதியை ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு மெட்டையும் இளகிய மெழுகில் மயிரிழை நகர்த்தி, மீட்டிப் பார்த்து அவர் இதைச் செய்கிறார்.

உயரமும் பார்க்கவேண்டும். ஒரு மெட்டு அடுத்ததைவிட உயர்ந்துவிட்டால் தந்தி அதில் உரசி இரையும். வீணையில் கமகம் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து எழுப்பப்படுவதால், இழுத்த நிலையிலும் உரசாமல் இருக்கவேண்டும். இடங்கள் உறுதியானபின் மெட்டுகளுக்கு இடையிலுள்ள மெழுகு வழித்துச் சீராக்கப்படும். வீணையின் தண்டியில் காணும் கறுப்பு வளைவுகள் இவ்வாறு உருவாகின்றன.

கிட்டாருடன் ஒப்பீடு

பழுதுபார்ப்பில் கருவியின் பழமையைக் காப்பது எப்படி என்ற கேள்வி உலகெங்கும் உண்டு. உலோகத் தந்திக் கிட்டார் இதற்கு நல்ல ஒப்புமை. அதில் தந்தியின் முனையிலுள்ள குண்டு, குதிரை போன்ற பிரிட்ஜின் துளைக்குள் இறக்கப்பட்டு, பிரிட்ஜ் பின் என்னும் சிறு முளையால் பிடிக்கப்படுகிறது. பிரிட்ஜ் கிட்டாரின் மேற்பலகையில் ஒட்டப்பட்டிருப்பதால் தந்தியின் இழுவிசையை அந்தப் பலகையே தாங்குகிறது. வீணையில் தந்தி குதிரையைக் கடந்து நாகபாசத்தில் முடிவதால், குதிரை கீழ்நோக்கிய அழுத்தத்தையும் குடத்தின் விளிம்பு இழுவிசையையும் பகிர்ந்துகொள்கின்றன.

முற்காலக் கிட்டார்களின் முளைகள் தந்தம், எலும்பு, கருங்காலி ஆகியவற்றால் செய்யப்பட்டன. பின்னர் பிளாஸ்டிக் வந்தது. துளையும் முளையும் ஒரே அளவில் கூம்பவேண்டும் என்பதால், புதிய முளைக்காகப் பழைய துளையை அகலப்படுத்தினால் அதைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே துளையைத் தொடாமல் முளையைத் துளைக்கேற்ப இழைப்பதும், கழற்றிய பழைய முளைகளைக் கருவியின் பெட்டியிலேயே போட்டுவைப்பதும் அங்கே நல்ல வழக்கமாகக் கருதப்படுகின்றன. பழைய கருவி எப்போது, எப்பொருளால் செய்யப்பட்டது என்பதற்கு அந்தச் சிறு முளைகளும் சான்று.

வீணையில் இந்த எச்சரிக்கை குறைவு. தேயும் உறுப்பை மாற்றுவது இயல்பான வேலை என்பதே நம் மரபு. அது கருவியை வாழவைத்த மரபுதான். அதேநேரம், பழைய மெட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டுப் புதியவற்றை வைக்கும்போது அக்கால உலோகக் கலவையும் தேய்மானத் தடமும் போய்விடுகின்றன. எந்த மெட்டு அதிகம் தேய்ந்தது என்பது அந்த வீணையில் எவை மிகுதியாக வாசிக்கப்பட்டன என்பதற்கு ஒரு குறிப்பு. பழைய மெட்டுகளையும் குதிரைத் தகட்டையும் வரிசை எண்ணிட்டு ஒரு துணிப்பையில் வைத்துக்கொள்வது செலவில்லாத பாதுகாப்பு.

பொருட்களும் சட்டமும்

பழைய வீணைகளின் அலங்காரத்துக்குத் தந்தமும் மான்கொம்பும் பயன்பட்டன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த வழக்கத்தை மாற்றத் தொடங்கியது. 1986-ல் செய்யப்பட்ட திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தைத் தடைசெய்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் இறக்குமதியான ஆப்பிரிக்கத் தந்தத்தையும் தடையின்கீழ் கொண்டுவந்தது. இப்போது புதிய வீணைகளில் பிளாஸ்டிக் தகடுகளே பதிக்கப்படுகின்றன. பழைய வீணையில் தந்தத் துண்டு உதிர்ந்தால் அதே பொருளால் ஈடுசெய்யும் வழி இல்லை. உதிர்ந்த துண்டைப் பத்திரப்படுத்தி மறுபடி ஒட்டுவதே செய்யக்கூடியது. சுரைக்காயால் ஆன துணைக்குடத்துக்கும் காகிதக்கூழ், கண்ணாடியிழை முதலிய மாற்றுகள் வந்துவிட்டன. இவை எவையும் மெழுகைப்போல இசையின் இடத்தைத் தீர்மானிப்பவை அல்ல.

ஆதரவும் இன்றைய நிலையும்

சமஸ்தானத்தில் வித்துவானைப் போற்றியபோது அவருடைய கருவியைப் பேணும் செலவும் அதில் அடங்கியது. 1948-ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன்கள் முடிவுக்கு வந்தன. நிலவுரிமையில் உழவருக்கு நன்மை தந்த இச்சட்டத்துக்குப்பின், அரண்மனை வருவாயை நம்பியிருந்த கலைகள் வேறு ஆதரவைத் தேடவேண்டியதாயிற்று. சபாக்களும் வானொலி நிலையங்களும் இசைக் கல்லூரிகளும் வித்துவான்களுக்கு ஓரளவு இடம் கொடுத்தன. கருவியைப் பழுதுபார்ப்பவருக்கு அவ்வாறான நிலையான இடம் எதுவும் ஏற்படவில்லை.

தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அது புதிதாகச் செய்யப்படும் வீணையின் பெயரைக் காக்கிறது. வீடுகளில் உள்ள பழைய வீணைகளின் தேவை வேறு. வீணை செய்யும் ஆசாரிகள் தஞ்சாவூர்போன்ற சில ஊர்களிலேயே இருப்பதால், தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் உள்ள வீணைக்கு மேளம் கட்ட, அதை அவ்வளவு தூரம் கொண்டுசெல்லவேண்டும். பயணத்தின் அதிர்ச்சியிலும் வெயிலிலும் புதிதாகப் பதித்த மெட்டுகள் மீண்டும் அசையக்கூடும். இதற்கு அஞ்சி, மெட்டு உதிர்ந்த வீணையைச் சுவரோரம் சாத்திவைப்பவர்கள் உண்டு.

மெழுகைத் தவிர்க்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. பெங்களூரில் உருவான மின்னணு வீணையில் மெட்டுகள் திருகுகளால் பிடிக்கப்படுகின்றன. வாசிப்பவரே அவற்றை நகர்த்திச் சரிசெய்யலாம். பயணத்துக்கும் வெயிலுக்கும் இது ஏற்றது. மெட்டை நகர்த்தும் உரிமை ஏகராக மேளக் காலத்தைப்போல மறுபடியும் வாசிப்பவர் கைக்கு வந்திருக்கிறது. அத்துடன் மெட்டை எங்கே நிறுத்துவது என்று அறியும் செவியும் அவருக்கு வேண்டியதாகிறது. அந்தச் செவி இதுவரை ஆசாரியின் பட்டறையில் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. மெழுகுக் கலவையின் அளவையும், நான்கு தந்திகளுக்கும் இசைவாக ஒரு மெட்டை நிறுத்தும் முறையையும் கற்பிக்கும் பாடநூல் வழக்கில் இல்லை. வீணை கற்கும் மாணவர்கள் பயிற்சியின் ஒரு பகுதியாக ஓர் ஆசாரியின் அருகில் அமர்ந்து ஒரு மேளமாவது கட்டிப் பழகினால், கருவியும் அதன் அறிவும் ஒருங்கே காக்கப்படும்.